கசக்கினால் மணக்கும் கந்தபூரா: வாசகர் கேள்வி – பதில்

நீலகிரி, பழனி மலைகளில் சோலைக்காட்டு ஓரங்களில் வளரும் கந்தபூராச் செடி பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, சோலை தொடங்கும் சரிவில் ஒரு புதர் நிற்கிறது. இலையைக் கசக்கினால் மூட்டுவலித் தைல வாசனை அடிக்கிறது. கருநீலத்தில் சின்னப் பழங்கள். இது என்ன செடி? பழத்தைச் சாப்பிடலாமா? (வாசகர், கோத்தகிரி)

ப: நீங்கள் சொல்லும் வாசனை ஒன்றே போதும், அது கந்தபூரா. தாவரவியல் பெயர் கால்தீரியா ஃபிராக்ரன்டிசிமா. ஊட்டிக் கடைக்காரர்கள் ‘விண்டர்கிரீன் செடி’ என்பார்கள். சோலையை ஆக்கிரமித்துக்கொண்டு வளரும் செடி அல்ல. சோலையின் விளிம்பு, புல்வெளிச் சரிவு, மண் சரிந்த பாதையோரம் ஆகியவையே அதன் இடங்கள். 1,500 மீட்டருக்குக் கீழே தேடிப் பயனில்லை.

வாசனையோடு மற்ற அடையாளங்களையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் ஆள் உயரம். இளங்கிளையும் இலைக்காம்பும் சிவந்திருக்கும். இலை விரல் நீளம், தோல் போன்ற தடிமன், ஓரத்தில் நுண்ணிய பற்கள். அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். இலைக்கக்கத்தில் வெள்ளைப் பூக்கள் வரிசையாக, கவிழ்த்துப் போட்ட குடங்களைப் போலத் தொங்கும்.

பழத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் சாப்பிடும் சதை உண்மையில் பழம் அல்ல. முந்திரியில் பழம் என்று தின்பது காம்பு ஊதிய பகுதி அல்லவா? அதுபோல இங்கே பூவின் புல்லிவட்டம் ஊதிச் சதைபிடித்து நீலமாகிறது. உண்மையான கனி அதற்குள்ளே ஐந்தாக வெடிக்கும் ஒரு சின்ன வறண்ட காய். அதற்குள் தூசி போல விதைகள். நான்கைந்து பழம் சாப்பிடலாம், நன்றாகவே இருக்கும். ஆஸ்பிரினுக்கு உறவான பொருள் இந்தச் செடியில் இருப்பதால் ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் தொட வேண்டாம்.

தவறாக எடுத்துவிடக் கூடியவை மூன்று. ஊசிக்களாவிலும் நீலப்பழம் உண்டு, ஆனால் முள் இருக்கும், தண்டைச் சுரண்டினால் மஞ்சள். தவிட்டுப்பழத்தின் இலை அடிப்பக்கம் வெல்வெட் போல வெளுத்திருக்கும், பூ இளஞ்சிவப்பு. இந்த இரண்டும் தின்னக் கூடியவைதாம். மூன்றாவதான செஸ்ட்ரம் அப்படி அல்ல. ஆரஞ்சு நிறக் குழல் பூவும் வெள்ளைப் பழமும் கொண்ட இந்த நச்சுச்செடி நீலகிரியில் வேலியோரமெல்லாம் பரவிவிட்டது. பூ இல்லாத காலத்தில் இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கசக்கி முகருங்கள். தைல வாசனை வராவிட்டால் அது கந்தபூரா அல்ல.

கே: செடியருகே நின்றால் வாசனையே இல்லை. இலையைக் கொதிக்கும் நீரில் போட்டாலும் மங்கலாகத்தான் வருகிறது. கசக்கினால் மட்டும் மூக்கைத் துளைக்கிறது. ஏன்? (வாசகி, குன்னூர்)

ப: முழு வெங்காயத்தை முகர்ந்தால் கண் எரிகிறதா? நறுக்கினால்தானே எரிகிறது. அதே கதைதான்.

வாசனைக்குக் காரணமான மெத்தில் சாலிசிலேட் இலைக்குள் தனியாக இல்லை. சர்க்கரையோடு பிணைந்து, வாசனையற்ற ஒரு பொருளாக இருக்கிறது. அதன் பெயர் கால்தெரின். பிணைப்பை வெட்டும் நொதி அதே இலையில் வேறு அறையில் இருக்கிறது. இலை நசுங்கும்போது இரண்டும் சந்திக்கின்றன, நீர் துணை செய்கிறது, சர்க்கரை கழன்று தைலம் விடுபடுகிறது. கொதிநீரில் நேராகப் போட்டால் நொதி வெந்துவிடுகிறது, பூட்டைத் திறக்க ஆளில்லை. இலையை நசுக்கி வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் முகர்ந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். அடுத்த கேள்வியிலும் இந்தச் சூட்சுமம்தான் பாதி விடை.

கே: எங்கள் மகளிர் குழுவிடம் யூகலிப்டஸ் தைலம் காய்ச்சும் அண்டா இருக்கிறது. பட்டா நிலத்தில் நிற்கும் கந்தபூரா இலை 10 கிலோவை அதில் போட்டு நான்கு மணி நேரம் காய்ச்சினோம். சேகரிப்புப் பாத்திரத்தில் மேலே எண்ணெயே மிதக்கவில்லை. நீர் மட்டும் பால் போல வந்தது. பழைய இரும்பு அண்டா என்பதாலா? (குழு உறுப்பினர்கள், கொடைக்கானல்)

ப: எண்ணெய் வந்திருக்கிறது. நீரை வெளியேற்ற அடிக்குழாயைத் திறந்தீர்கள் அல்லவா, அதோடு நீங்களே அதை மண்ணில் விட்டுவிட்டீர்கள்.

யூகலிப்டஸ் தைலம் நீரைவிட லேசு, மேலே மிதக்கும். உங்கள் பாத்திரம் அதற்காகச் செய்தது: நீர் அடிவழியே போகும், எண்ணெய் மேலே தங்கும். கந்தபூராத் தைலம் நேர் எதிர். ஒரு லிட்டர் ஏறக்குறைய 1,180 கிராம் எடை, அடியில் போய்ப் படுத்துவிடும். கிராம்பு எண்ணெய் காய்ச்சியவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. ஆகவே உங்களுக்கு வேண்டியது மேலே நீர் வழிந்தோட ஒரு மூக்கும், அடியில் எண்ணெய் இறக்க ஒரு குழாயும் உள்ள உயரமான குறுகிய கலம். சிறிய அளவுக்கு ஆய்வகக் கடைகளில் கிடைக்கும் கண்ணாடிப் பிரிபுனலே போதும்.

முதலிலிருந்து சரியாகச் செய்யும் முறை இது.

இலையும் இளந்தண்டும் மட்டும் எடுங்கள். மழையில் நனைந்த இலை வேண்டாம். நீர் எடையைச் சேர்த்துக் கணக்கைக் குழப்பும், குவித்து வைத்தால் புழுங்கி அழுகும். நிழலில் ஒரு நாள் வாட விடலாம். பிறகு விரற்கடை அளவுக்கு நறுக்கி, உரலில் லேசாக இடித்துக்கொள்ளுங்கள். விழுதாக அரைக்க வேண்டாம், அரைத்தால் காய்ச்சும்போது நுரைத்துப் பொங்கிக் குழாய்க்குள் ஏறும்.

10 கிலோ இலைக்கு 80 லிட்டர் கலமும் 30 லிட்டர் நீரும் தேவை. நீர் 40 முதல் 45 டிகிரி இருக்கட்டும், அதாவது கையை வைத்தால் நன்றாகச் சூடு தெரிய வேண்டும், ஆனால் கையை எடுக்கத் தோன்றக் கூடாது. இலையை அதில் அமுக்கி, மூடி, சாக்கு போர்த்தி 12 மணி நேரம் விடுங்கள். 60 டிகிரிக்கு மேல் போனால் நொதி செத்துப்போகும், அப்புறம் எத்தனை மணி நேரம் காய்ச்சினாலும் எண்ணெய் குறையும். ‘சீக்கிரம் ஆகட்டும்’ என்று கொதிநீர் ஊற்றுகிறவர்கள் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஊறிய நீரைக் கொட்டாதீர்கள். விடுபட்ட தைலத்தில் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது. அப்படியே அடுப்பேற்றுங்கள். அண்டாவின் அடியில் துளைத் தட்டு ஒன்று வைத்து அதன்மேல் இலை நிற்க வேண்டும். இலை அடியில் பட்டுத் தீய்ந்தால் அந்தக் கரிந்த வாடை தைலத்திலிருந்து போகவே போகாது. நான்கைந்து மணி நேரக் காய்ச்சலில் 15 லிட்டர் அளவுக்கு நீர் இறங்கும்படி தீயை வையுங்கள். பெரும்பங்கு எண்ணெய் முதல் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும்.

இனி அந்தப் பால் போன்ற நீர். அதை வீசுவது காசை வீசுவது. அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 0.7 கிராம் தைலத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 15 லிட்டரில் 10 கிராம். 10 கிலோ இலையில் மொத்தமே 50 முதல் 80 கிராம்தான் எதிர்பார்க்கலாம் என்பதை வைத்துப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு வரை கால்வாயில் போகிறது! வழிந்தோடும் நீரை ஒரு குழாயால் அண்டாவுக்கே திருப்பி விடுங்கள். முடியாவிட்டால் சேர்த்து வைத்து அடுத்த ஈட்டுக்கு ஊறவைக்கும் நீராகப் பயன்படுத்துங்கள்.

பிரிகலத்தில் சில துளிகள் மேற்பரப்பிலேயே படலமாக ஒட்டிக்கொண்டு ‘மிதக்கிறது’ என்று ஏமாற்றும். கலத்தின் பக்கத்தில் விரலால் தட்டினால் உடைந்து இறங்கிவிடும். ஓர் இரவு அசைக்காமல் வைத்து, காலையில் அடிக்குழாயை மெல்லத் திறந்து எண்ணெயை மட்டும் இறக்குங்கள். மங்கலாக இருந்தால் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். ஈரத்தை உறிஞ்சும் நீரற்ற சோடியம் சல்பேட் சிறிது போட்டுக் குலுக்கி வடிகட்டுங்கள். நீரோடு வைத்தால் நாளாக ஆகச் சாலிசிலிக் அமிலமாகச் சிதையும்.

இரும்பு அண்டா பற்றி நீங்கள் கேட்டதும் சரியான கேள்வியே. எண்ணெய் வராததற்கு அது காரணம் அல்ல. ஆனால் சாலிசிலேட் இரும்போடு சேர்ந்தால் சிவப்பு முதல் ஊதா வரை நிறம் பிடிக்கும். நல்ல தைலம் நிறமற்றது அல்லது வெளிர்மஞ்சள். இளஞ்சிவப்பாக வந்தால் அண்டாவோ குழாயோ துருப்பிடித்திருக்கிறது. எவர்சில்வர் கலத்துக்கு மாறுங்கள். செலவுக்கு யோசித்தால், முதலில் ஆவிக்குழாயையும் ஆவியைக் குளிரவைக்கும் கன்டென்சரையும் மட்டுமாவது மாற்றுங்கள். நிரப்புவதற்குப் பழுப்புக் கண்ணாடிப் புட்டிதான். இந்தத் தைலம் பல வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

இன்னொன்று: இதை மருந்து என்று பெயர் எழுதி விற்க 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். அதை வாங்கிய பிறகு லேபிள் அடியுங்கள்.

கே: சுற்றுலா போனபோது ஊட்டியில் ‘அசல் கந்தபூராத் தைலம்’ என்று வாங்கினேன். அசலா போலியா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது? (வாசகர், ஈரோடு)

ப: ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் இரண்டு துளி விடுங்கள். மூழ்க வேண்டும். மிதந்தால் யூகலிப்டஸ் எண்ணெயோ, மண்ணெண்ணெயோ, சமையல் எண்ணெயோ பெரும்பங்கு கலந்திருக்கிறது. அடுத்து ஒரு துளியை வெள்ளைத்தாளில் விட்டுக் காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். பிசுக்குக் கறை நிலைத்து நின்றால் சமையல் எண்ணெய்க் கலப்பு. இந்த இரண்டோடு வீட்டுச் சோதனை முடிந்தது.

ஆனால் இந்த இரண்டிலும் தேறிய தைலம் செடியிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. கந்தபூராத் தைலத்தில் 95 சதவீதத்துக்கு மேல் மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரே பொருள்தான். அதைத் தொழிற்சாலையில் சாலிசிலிக் அமிலத்தையும் மெத்தனாலையும் கொண்டு மிக மலிவாகச் செய்கிறார்கள். மூலக்கூறு ஒன்றே, எடையும் ஒன்றே, வாசனையிலும் பிரித்தறிய முடியாது. கார்பன் ஐசோடோப்பை அளக்கும் ஆய்வகம்தான் வித்தியாசம் சொல்லும். பெட்ரோலியத்திலிருந்து செய்ததில் கார்பன்-14 இருக்காது, செடியில் இருக்கும்.

வலிக்குத் தடவுவதுதான் நோக்கம் என்றால் இந்த வித்தியாசத்துக்காக அதிக விலை கொடுக்காதீர்கள். முட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். ‘அசல்’ என்ற சொல்லைவிட, லேபிளில் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத புட்டியை வாங்காதீர்கள்.

கே: அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முட்டியிலும் வலி. சுத்தமான கந்தபூராத் தைலம் கையில் இருக்கிறது. எவ்வளவு நல்லெண்ணெயில் கலந்து தேய்ப்பது? இதயத்துக்காக வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் ஒன்றும் இல்லையே? (வாசகி, மதுரை)

ப: கடைசியாக எழுதியதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினை எடுக்கும் அம்மாவுக்கு இந்தத் தைலம் வேண்டவே வேண்டாம். தோலில் தடவியது தோலோடு நிற்பதில்லை, இரத்தத்தில் கலக்கிறது, வார்ஃபரினின் வேலையைக் கூட்டிவிடுகிறது. தைலம் தேய்த்து ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) எகிறி, இரத்தக் கசிவு ஏற்பட்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். அதே வகை மாத்திரையான அசினோகூமரால் எடுப்பவர்களுக்கும் இதே பதில்தான். இதுவரை தேய்த்து வந்திருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார், தைலத்தை யாரும் மருந்தாக நினைப்பதில்லை.

அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் உதவும்.

மற்றவர்களுக்கான அளவைச் சொல்கிறோம். நல்லெண்ணெய் 98 மில்லி, கந்தபூராத் தைலம் 2 மில்லி. அளப்பதற்கு ஊசியில்லாத சிரிஞ்சு. துளிக்கணக்கு வேண்டாம், ஒரு மில்லிக்கு 20 துளி என்பார் ஒருவர், 35 என்பார் இன்னொருவர், இரண்டும் புட்டி மூடியைப் பொறுத்து உண்மைதான். நல்லெண்ணெயில் கற்பூரம் கரைக்க விரும்பினால் முதலில் அதைச் செய்து, எண்ணெய் முழுக்க ஆறிய பிறகே தைலத்தை விடுங்கள். சூட்டில் விட்டால் ஆவி முகத்தில் அடிக்கும், கண் பத்திக்கொள்ளும்.

முன்கையின் உட்புறம் ஒரு சொட்டுத் தடவி ஒரு நாள் பொறுத்திருங்கள். தடிப்போ கொப்பளமோ இல்லையென்றால், இரண்டு முட்டிக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, ஒரு நாளைக்கு மூன்று வேளை வரை. அந்த ஒரு தேக்கரண்டியில் 0.1 மில்லி தைலம் இருக்கிறது. முழுதும் உடலில் ஏறினால்கூட 140 மில்லிகிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். ஒரு வாரம் தேய்த்தும் குறையாவிட்டால் வலிக்குக் காரணம் வேறாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்.

தேய்த்த இடத்தின் மேல் துணி சுற்றிக் கட்டுவது, வெந்நீர்ப் பை வைப்பது, தேய்த்த சூட்டில் வெந்நீர்க் குளியல் — மூன்றுமே தவறு. சூடு தோலின் நுண்குழாய்களை விரித்துவிடும், உள்ளே போகும் அளவு பெருகும், தோலும் வெந்துபோகலாம். மெந்தால், மெத்தில் சாலிசிலேட் கொண்ட தைலங்களால் தீப்புண் போன்ற காயங்கள் வருவதாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012 செப்டம்பரில் எச்சரித்தது. வெடிப்பு, புண், அடிபட்ட தோல் ஆகியவற்றிலும் தடவாதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாத ஆஸ்துமாக்காரர்கள், கர்ப்பிணிகள், 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு இது கூடாது.

கடையில் விற்கும் களிம்புகளில் 10, 20, 30 சதவீதம்கூட இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். அவை பட்டாணி அளவு எடுத்துத் தடவ. நாம் எண்ணெயைக் கைநிறைய ஊற்றித் தேய்க்கும் ஆட்கள், அதனால்தான் 2 சதவீதம்.

கே: இந்தப் புட்டியைக் குழந்தை எட்டி எடுத்துக் குடித்துவிட்டால்? (பலர்)

ப: 108-ஐ அழையுங்கள், அல்லது கையில் இருக்கும் வண்டியில் புட்டியோடு பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள், உப்புநீர் கொடுக்காதீர்கள். ‘தைலம் குடித்துவிட்டான்’ என்று சொல்லாமல் ‘மெத்தில் சாலிசிலேட், இவ்வளவு மில்லி, இத்தனை மணிக்கு’ என்று சொல்லுங்கள்.

ஒரு மில்லி சுத்தத் தைலம் 1.4 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். ஒரு தேக்கரண்டி 7 கிராம், அதாவது பெரியவர்கள் சாப்பிடும் 325 மில்லிகிராம் மாத்திரையில் 21க்கும் மேல்! இவ்வளவு குறைந்த அளவில் சின்னக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். திரவமாக இருப்பதால் மாத்திரையைவிட விரைவாக இரத்தத்தில் ஏறும். வாந்தி, வேகமான மூச்சு, வியர்வை, காதில் இரைச்சல், காய்ச்சல், பிறகு மயக்கமும் வலிப்பும். இவற்றில் ஒன்றும் தெரியவில்லையே என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். மிட்டாய் வாசனையுள்ள தைலம் இது, குழந்தை முகம் சுளிக்காமல் குடித்துவிடும். சுத்தத் தைலம் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும், பூஜை அறை எண்ணெய்ப் புட்டி பக்கத்தில் அல்ல.

கே: இதய மருத்துவர் தினம் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் எழுதியிருக்கிறார். இயற்கையாக இருக்கட்டுமே என்று கந்தபூரா இலைக் கஷாயமாகக் குடிக்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: கூடாது. பலர் நினைக்கும் காரணத்தால் அல்ல, வேறு காரணத்தால்.

அளவைப் பார்த்தால் பொருத்தம்போல்தான் தோன்றும். 10 கிராம் பச்சை இலையில் 0.7 சதவீதம் தைலம் என்று வைத்துக்கொண்டால் 70 மில்லிகிராம், ஆஸ்பிரின் கணக்கில் 83 மில்லிகிராம் வருகிறது. ஆனால் இதயத்தைக் காப்பது ஆஸ்பிரினின் சாலிசிலேட் பகுதி அல்ல. அதோடு ஒட்டியிருக்கும் அசிட்டைல் என்ற சின்னத் துண்டுதான் இரத்தத் தட்டணுவின் நொதியில் போய் ஒட்டி, அந்தத் தட்டணு வாழும் நாள் முழுதும் அதை முடக்குகிறது. கந்தபூராவில் அந்தத் துண்டு கிடையாது. வலியை ஓரளவு குறைக்கும், அடைப்பைத் தடுக்காது. மாத்திரையை நிறுத்திக் கஷாயம் குடிப்பவர் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டு பாதுகாப்பில்லாமல் இருக்கிறார். மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பவர் வயிற்றுப் புண்ணைக் கூட்டிக்கொள்கிறார்.

கே: அப்படியானால் ஆஸ்பிரினே இந்தச் செடியிலிருந்து வந்தது என்று சொல்கிறார்களே? (அதே வாசகர்)

ப: சொந்தம் உண்டு, தாய்-பிள்ளை உறவு அல்ல. ஆஸ்பிரினின் மூலப்பொருளான சாலிசிலிக் அமிலத்துக்கு வழிகாட்டியவை இரண்டு: வில்லோ மரப்பட்டை ஒரு பக்கம், கந்தபூராவின் அமெரிக்கத் தங்கையான கால்தீரியா புரோகும்பென்ஸ் இன்னொரு பக்கம். அந்தச் செடியின் எண்ணெயை ஆராய்ந்து, அது சாலிசிலிக் அமிலத்தின் மெத்தில் எஸ்டர் என்று 1843ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சின் கஹூர்ஸ் கண்டார். அதிலிருந்து சாலிசிலிக் அமிலம் எடுத்தார்கள். 1874இல் ஜெர்மனியில் கோல்பே முறையில் அதைச் செயற்கையாகத் தயாரிக்கத் தொடங்கியதும் செடியின் தேவை குறைந்தது. 1899இல் பேயர் ஆஸ்பிரினை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது செடிக்கு அதில் பங்கே இல்லை.

நீலகிரிக்கும் இதில் ஒரு சின்ன அத்தியாயம் உண்டு. 1860களின் பிற்பகுதியில் ஊட்டியில் சின்கோனா (மலேரியா மருந்தான குயினைன் தரும் மரம்) ஆராய்ச்சிக்காக அரசு வேதியியலாளராக இருந்த பிரௌட்டன், இங்குள்ள கந்தபூரா எண்ணெயை ஆராய்ந்து, அதிலிருந்து அப்போது கிருமிநாசினியாகப் பெயர்பெற்ற கார்பாலிக் அமிலத்தையே தயாரித்துக் காட்டினார். நிலக்கரித் தாரிலிருந்து எடுத்தது அதைவிட மலிவு, அதனால் திட்டம் நிலைக்கவில்லை. செடியின் நல்லகாலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கே: சளிக்கு ஆவி பிடிக்க நீலகிரித் தைலத்துக்குப் பதில் இதை விடலாமா? (வாசகி, திருச்சி)

ப: வேண்டாம். நீலகிரித் தைலம் யூகலிப்டஸ், அதிலுள்ள சினியோல் என்ற பொருள் மூக்கடைப்பை இளக்குவது போன்ற உணர்வைத் தரும். கந்தபூராவுக்கு அந்தக் குணம் இல்லை, கண்ணும் தொண்டையும்தான் எரியும். இரண்டும் ஒரே கடையில் ஒரே அளவுப் புட்டியில் விற்பதால் வரும் குழப்பம் இது.

கே: இங்கே ‘வெல் கபுரு’ என்று சிங்களத்தில் சொல்லும் செடி இதுதானா? (வாசகர், நுவரெலியா)

ப: அதுவேதான், அல்லது மிக நெருங்கிய இனம். தாவரவியலாளர்களுக்குள் பெயர் வழக்கு இன்னும் ஓயவில்லை. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் நிற்பதற்கும் நீலகிரியில் நிற்பதற்கும் இலையின் உருவில் சின்ன வேறுபாடுகள் உண்டு. தைலமும் எச்சரிக்கையும் ஒன்றே. நேபாளத்தில் இதைத் ‘தசிங்கரே’ என்பார்கள். தோலகா போன்ற மாவட்டங்களில் சமூக வனக் குழுக்கள் தைலம் வடித்து ஏற்றுமதிக்குக் கொடுக்கின்றன.

கே: வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க ஆசை. விதை போட்டால் முளைக்கவில்லை. நட்ட கன்று இலை மஞ்சளாகிச் செத்தது. சென்னையில் தொட்டியில் வளருமா? (வாசகர்கள், குன்னூர், சென்னை)

ப: சென்னைக்காரருக்கு முதலில் ஏமாற்றம் தந்துவிடுவோம்: வளராது. இரவிலும் குளிராத இடத்தில் ஒரு கோடைகூடத் தாங்காது.

குன்னூரில் நன்றாக வளரும், ஆனால் இது ரோடோடெண்ட்ரான் குடும்பம், அதற்குரிய பிடிவாதங்கள் உண்டு. மண் புளிப்பாக இருக்க வேண்டும், பி.எச். 4.5 முதல் 5.5 வரை. தேயிலை செழிக்கும் மண் என்றால் பரிசோதனைகூட வேண்டாம். உங்கள் கன்று எப்படிச் செத்தது என்பதை மஞ்சள் நிறமே சொல்கிறது: நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்திருந்தால் சுண்ணாம்பு மிகுதி. மண்ணில் இரும்பு இருக்கும், வேரால் எடுக்க முடியாது. அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு அடித்த சுவரோரம், கடினமான போர்வெல் நீர், இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். மழைநீர் ஊற்றுங்கள். தொழுவுரத்தைக் கூடை கூடையாகப் போடாதீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை, ஒரு தேக்கரண்டி அம்மோனியம் சல்பேட்டை 5 லிட்டர் நீரில் கரைத்து ஊற்றினால் போதும்.

விதை முளைக்காததற்குக் காரணம், மண்ணால் மூடியிருப்பீர்கள். தூசி அளவு விதை அது, முளைக்க வெளிச்சம் வேண்டும். பழத்தை நசுக்கி அலசி, விதையைக் காய்ந்த மணலோடு கலந்து, சலித்த இலைமக்கின் மேல் தூவி விடுங்கள். மூடக் கூடாது. பூவாளியால் தெளித்தால் விதை அடித்துப்போகும், தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். மேலே கண்ணாடி ஒன்றைச் சாத்தி நிழலில் வையுங்கள். ஒன்று இரண்டு மாதம் ஆகும். முதல் வருடம் நாற்று பார்க்கவே பரிதாபமாக இருக்கும்.

பொறுமை இல்லாதவர்களுக்குப் பதியம். தரையோரக் கிளையை வளைத்து, அடிப்பட்டையில் ஒரு கீறல் போட்டு, ஈரமான இலைமக்கில் கல் வைத்து அமுக்குங்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் பெரும்பாலும் வேர் பிடித்திருக்கும். வெட்டுக்கிளை வைப்பதானால் பாதி முற்றிய கிளையில் 10 சென்டிமீட்டர், கீழ் இலைகளைக் கிள்ளி, வேர்த்தூள் தொட்டு, மணலும் இலைமக்கும் சரிபாதியில். தாய்ச்செடியின் காலடி மண்ணில் ஒரு கைப்பிடி சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பத்துச் செடிகளின் வேரோடு கூடி வாழ்ந்து உணவு தேடித் தரும் பூஞ்சை அந்த மண்ணில்தான் வரும். வேர் மேலாக ஓடும் என்பதால் நட்ட பிறகு கொத்திவிடாதீர்கள். இலைச்சருகைப் பரப்பி மூடாக்குப் போடுங்கள்.

கே: காட்டில் இவ்வளவு நிற்கிறதே, கொஞ்சம் பறித்து வந்து காய்ச்சினால் என்ன? (வாசகர், கூடலூர்)

ப: காப்புக்காட்டில் அனுமதியின்றிப் பறிப்பது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். முக்கூர்த்தி தேசியப் பூங்கா, 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் போன்ற இடங்களில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். கணக்கும் உதைக்கும்: 100 மில்லி தைலத்துக்கு 15 முதல் 24 கிலோ இலை. எத்தனை புதர் மொட்டையாகும்! அதே மூலக்கூறு ஆலையில் மலிவாகக் கிடைக்கும்போது சோலை ஓரத்தைச் சுரண்டுவதில் அர்த்தமே இல்லை.

பட்டா நிலத்தில் நிற்பதை வெட்டுபவர்கள் தரையிலிருந்து ஒரு முழம் விட்டுக் கூர்மையான கத்தரியால் வெட்டுங்கள். ஒரு புதரில் மூன்றில் ஒரு பங்குக் கிளையாவது இலையோடு நிற்கட்டும். வெட்டிய புதரை இரண்டு வருடம் தொடாதீர்கள். பூத்திருக்கும் புதரை விட்டுவிடுங்கள், அதன் பழத்துக்கு வரும் பறவைகள்தாம் அடுத்த சரிவுக்கு விதை கொண்டுபோகின்றன.